ஊரில் ஒரு பூட்டிய வீடு

மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் தெருவுக்குப் பாதி வீடுகள் இப்போது பூட்டித்தான் கிடக்கின்றன. உரியவர்கள் சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்; பொங்கலுக்கோ, கோயில் திருவிழாவுக்கோ, ஒரு துக்கத்துக்கோ வந்து இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறார்கள். எங்கள் வீடும் அவற்றுள் ஒன்று. அப்பாவின் காலத்துக்குப் பிறகு அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவந்ததிலிருந்து அதைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. விற்றுவிடலாமே என்பவர்களோடு நான் வாதிடுவதில்லை. ஆனால் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டால், அதற்குரிய வேலைகளைச் செய்துதான் ஆக வேண்டும். அந்த வேலைகள், வெளியூரில் இருந்துகொண்டு கற்பனை செய்வதிலிருந்து பெரிதும் வேறுபட்டவை.

பூட்டிய வீடு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது திருட்டைப் பற்றி. கனமான பூட்டு, இரும்புக் கதவு, கேமரா என்று பேச்சு அந்தத் திசையிலேயே போகிறது. திருட்டு நடக்காமல் இல்லை. மோட்டார், பித்தளைக் குழாய், செம்புக் கம்பி, குத்துவிளக்கு என்று எடுத்துப் போக எந்த வீட்டிலும் ஏதாவது இருக்கும். ஆனால் எங்கள் தெருவில் இடிந்துவிழுந்த வீடுகளில் ஒன்றுகூடத் திருடனால் விழுந்ததில்லை. எல்லாவற்றையும் விழச் செய்தவை தண்ணீரும், அடைபட்ட காற்றும், அவை இரண்டும் சேர்ந்து வரவழைத்த கரையானும்தான். கூரையில் ஓர் ஓடு நகர்ந்து, அந்த இடைவெளி வழியே ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் ஓடுகளைத் தாங்கும் கைமரத்தில் இறங்கி, அடுத்த ஆண்டு அந்தக் கைமரம் உளுத்து, அதற்கடுத்த ஆண்டு அந்தப் பகுதிக் கூரையே உள்வாங்கிவிடும். மனிதர் குடியிருக்கும் வீட்டில் முதல் சொட்டு விழுந்த அன்றே ஒருவர் அண்ணாந்து பார்த்திருப்பார். ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பார்வை இருப்பதில்லை. பராமரிப்பு என்பது அந்தப் பார்வையைக் கூலிக்கோ அன்புக்கோ ஏற்பாடு செய்வதுதான்.

எங்களுடையது நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. திண்ணை, நடை, முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், பின்னால் சமையற்கட்டு, கொல்லையில் கிணறு. நாட்டு ஓடு என்பது ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கிய ஓடுகளின் வரிசை மட்டுமே. ஆணியோ பிடிப்போ கிடையாது. குரங்கு ஓடினாலும், தேங்காய் மட்டை விழுந்தாலும், அணிலும் பூனையும் புகுந்து புறப்பட்டாலும் நகரும். அதனால்தான் டெல்டாவில் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி அடைமழைக்கு முன் ஓடு மாற்றுவது வழக்கமாக இருந்தது: ஓட்டைப் பிரித்து, உடைந்ததை ஒதுக்கி, தூசியையும் சருகையும் கூட்டித் தள்ளி, திரும்ப அடுக்குவார்கள். இப்போது ஓடு வேயத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்; கேட்டவுடன் கிடைப்பதில்லை. வைகாசி, ஆனியிலேயே சொல்லிவைத்தால்தான் ஆவணிக்குள் ஏணி சாத்தப்படும். புரட்டாசியில் தொலைபேசியில் அழைத்து, ‘மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள்’ என்று கெஞ்சினால், அவர் ஏற்கெனவே பத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருப்பார். உடைந்த வீடுகளின் பழைய ஓடுகளை வண்டியளவில் வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைத்திருப்பது எங்கள் ஏற்பாடு. புது நாட்டு ஓடு கிடைப்பதே அரிதாகிவருகிறது. கிடைத்தாலும் பழைய அளவோடு பொருந்துவதில்லை.

கூரையில் எல்லாவற்றிலும் கவனிக்க வேண்டிய இடம் கூடல்வாய், அதாவது முற்றத்தின் மூலைகளில் இரண்டு சரிவுகள் சேருமிடம். அங்கே தகரமோ துத்தநாகத் தகடோ போட்டிருப்பார்கள். இரண்டு கூரைகளின் தண்ணீரும் அந்த ஒரே வாய்க்காலில்தான் ஓடியாக வேண்டும். ஒரு கைப்பிடி வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் தகட்டின் ஓரத்தைத் தாண்டிச் சுவரின் தலைக்குள் இறங்கிவிடும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூடத்து மூலையில் சுவரின் மேற்புறம் மட்டும் தேநீர் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் கூடல்வாய்க்கு ஆள் ஏற்ற வேண்டும், சுவருக்குச் சாயம் அடிக்கக் கூடாது.

காற்றின் கதை வேறு. வீட்டைப் பூட்டும்போது சன்னல் எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டுப் போவது இயல்பாக வரும் பழக்கம்; பழைய சுண்ணாம்புச் சுவர் வீட்டுக்கு அதைப் போல் கெடுதல் வேறில்லை. அந்தச் சுவர்கள் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, மேற்பரப்பு வழியே காற்றில் விட்டுவிடும் தன்மை உள்ளவை. காற்று நடமாட்டம் இருக்கும்வரை சுவர் தன்னைத் தானே உலர்த்திக்கொள்ளும். மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்துப் பூச்சு மாவாக உதிரும். அப்படி உதிர்ந்த இடத்தில் சிமெண்டு வைத்துப் பூசுவதுதான் ஊர்க் கொத்தனார்களின் முதல் யோசனை. நான் அதற்கு ஒப்புவதே இல்லை. சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் மேலே ஏறிச் சிமெண்டு முடியுமிடத்துக்கு மேல் புதிதாக ஓர் உப்புக் கோட்டைப் போடும். இரண்டு ஆண்டு கழித்துக் கொத்தனார் அங்கேயும் சிமெண்டு பூசலாம் என்பார். எனாமல் பெயின்டும் இதே வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்புக் கலவையே பூசி, பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடித்துவிட்டால் செலவும் குறைவு, சுவரும் மூச்சு விடும். சுண்ணாம்பின் காரத்தன்மைக்குப் பூஞ்சணம் எளிதில் பிடிப்பதுமில்லை.

காற்றுக்காக நாங்கள் செய்திருப்பது இவ்வளவுதான்: எதிரெதிராக இருக்கும் நான்கு சன்னல்களின் மேற்பாதிக் கதவுகளைக் கழற்றிவிட்டு, எலி புகாத அளவுக்கு நெருக்கமான இரும்பு வலையை அடித்திருக்கிறோம். உள்ளறைக் கதவுகள் ஒன்றையும் பூட்டுவதில்லை; ஆடாமலிருக்க ஒரு கல்லை அண்டைக் கொடுத்துத் திறந்தே விட்டிருக்கிறோம். மரப் பீரோவைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்து, காலுக்குச் செங்கல் கொடுத்தாயிற்று. முற்றத்துக்கு மேலே கம்பி வலை போட்டிருப்பதால் குரங்கு இறங்குவதில்லை. வௌவாலை மட்டும் இன்னும் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. தாழ்வாரத்தில் ஏதோ ஓர் இடுக்கு அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை.

கரையானைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முதல் மழைக்குப் பிறகு சன்னலடியில் ஈசல் இறகுகள் குவிந்துகிடந்தால், புற்று வீட்டுக்குள்ளோ மிக அருகிலோ இருக்கிறது என்று பொருள். ஈசல் என்பது இறகு முளைத்த கரையான்தான். அடுத்தது, சுவரில் கரையான் ஏறிய மண்கோட்டைப் பார்த்தால் உடனே முழுதும் துடைத்துவிடக் கூடாது. நடுவில் ஒரு விரலகலம் மட்டும் சுரண்டிவிட்டு, ஓரிரு நாள் கழித்துப் பார்க்க வேண்டும். சுரண்டிய இடம் ஈர மண்ணால் மீண்டும் அடைபட்டிருந்தால் உள்ளே ஓட்டம் இருக்கிறது. அடைபடாவிட்டால் பெரும்பாலும் பழைய, கைவிட்ட பாதை. ஓட்டம் இருந்தால், சுவரும் தரையும் சேருமிடத்தில் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்துவதுதான் வழி; மேலே தெளித்துவிட்டுப் போவது கண்துடைப்பு. நிலை, கதவு, கைமரம் ஆகியவற்றுக்கு எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். மரத்தைக் காப்பதில் அது கெட்டிக்காரத்தனமான பொருள். ஆனால் தோலில் பட்டால் கொப்புளித்துப் புண்ணாக்கிவிடும், ஆகையால் பூசுபவர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

கைப்பிடிச் சுவரிலும் கிணற்றுச் சுவரிலும் முளைக்கும் அரசங்கன்றைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. பறவை எச்சத்தில் வந்த விதை, விரிசலில் விழுந்து இரண்டு இலை விட்டிருக்கும்போது கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். ஓராண்டு விட்டால் வேர் செங்கல் இடுக்குகளுக்குள் பரவிவிடும். பிறகு மேலே வெட்ட வெட்டக் கீழே பருக்கும். அரசைப் பிடுங்குவது பாவம் என்று தயங்குபவர்கள் எங்கள் ஊரில் உண்டு. பிடுங்கியதைக் குளக்கரையில் கொண்டுபோய் நட்டுவிட்டால் அந்தத் தயக்கமும் தீரும்.

மரங்களைப் பற்றிய பாடத்தை 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல் எங்கள் பகுதி முழுவதற்கும் கற்பித்தது. மன்னார்குடி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வட்டாரங்களில் தென்னை சாய்ந்த வேகத்தில் எத்தனை ஓட்டு வீடுகள் நசுங்கின என்பதை நேரில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின; சில கிராமங்களுக்கு வாரக்கணக்காயிற்று. ஆள் இருந்த வீட்டுக்காரர்கள் மறுநாளே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பூட்டிய வீடுகள் திறந்த கூரையோடு அடுத்த மழையையும் வாங்கிக்கொண்டன. அதன் பிறகு, வீட்டின் மேல் சாயக்கூடிய தூரத்தில் தென்னை வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்து, கொல்லையில் எஞ்சியிருந்த ஒன்றையும் எடுத்துவிட்டோம். பெரிய தார்ப்பாய் ஒன்றும், கயிற்றுக் கட்டு ஒன்றும், மணல் நிரப்பிய சாக்குகளும் நடையிலேயே எப்போதும் இருக்கின்றன; அவை இருக்குமிடம் சாவி வைத்திருப்பவருக்குத் தெரியும்.

அந்தச் சாவி வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்லாமல் மற்றவற்றைச் சொல்லிப் பயனில்லை. எங்களுக்கு அது எதிர்வீட்டுச் சின்னம்மா. உறவு தூரத்து உறவுதான். அம்மாவோடு அவருக்கு இருந்த நெருக்கம்தான் காரியத்தை நடத்துகிறது. மாதாமாதம் ஒரு தொகை அனுப்புகிறோம், அதை அவர் சம்பளம் என்று சொல்ல விடமாட்டார். வாரத்தில் இரண்டு நாள் கதவைத் திறந்து, பெருக்கி, சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்காத வீடு விளங்காது என்று பெரியவர்கள் சொல்வதைப் பக்தியாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதில் ஒரு பராமரிப்பு அட்டவணையையும் பார்க்கிறேன். விளக்கு வைக்க வருபவர் கதவைத் திறக்கிறார், காற்று மாறுகிறது, மணம் தெரிகிறது, ஈரம் தெரிகிறது. போன கார்த்திகையில் அவர் தொலைபேசியில் சொன்னது இது:

“தம்பி, கொல்லப்பக்கத்து அறையில செவுரு ஈரமா இருக்கு. மழ விட்டு நாலு நாளாச்சு, இன்னும் காயல. கையை வச்சா ஜில்லுன்னு இருக்கு.”

“மேலேருந்து எறங்கியிருக்கா சின்னம்மா, கீழேருந்து ஏறியிருக்கா?”

“கீழேருந்துதான். வாசக்கால் பக்கம் ஒன்னுமில்ல, குழாய் போற எடம்தான்.”

அந்த ஒரு பேச்சிலேயே கூரை இல்லை, குழாய்க் கசிவு என்று தெரிந்துவிட்டது. தொட்டியின் வால்வை மூடச் சொன்னேன்; மறுநாள் ஈரம் நின்றது. கையை வைத்துப் பார்க்கும் புத்தியை எந்தக் கேமராவும் தராது. கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. சிம் போட்டு இயங்கும் ஒன்றைத் திண்ணையில் மாட்டியிருக்கிறோம், வாசலில் யார் நின்றார்கள் என்று அது காட்டும். ஆனால் ரீசார்ஜ் தீர்ந்த அன்றிலிருந்து அதுவும் பூட்டிய வீட்டின் இன்னொரு பொருளாகிவிடும்.

தண்ணீர் இணைப்புகளில் நாங்கள் பின்பற்றும் விதி எளிது: வீட்டில் ஆள் இல்லாதபோது மேல்தொட்டி காலி, அதன் வால்வு மூடியிருக்க வேண்டும். இப்போது அதை எழுதித் தொட்டியின் மேலேயே கட்டியிருக்கிறோம். அரைத்தொட்டித் தண்ணீர் தேங்கியிருந்து மூடியும் சரியாக இல்லாவிட்டால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும், முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். தண்ணீரை வடித்த பின் தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவாவிட்டால், அங்கே ஒட்டிய முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கக் கூடியவை. குளியலறையிலும் கழிவறையிலும் தரைக்குழாயின் வளைவில் தேங்கிநிற்கும் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. கோடையில் ஒன்றிரண்டு மாதத்தில் அது வற்றிவிடும். நீண்ட நாள் கழித்து வீட்டைத் திறந்ததும் வீசும் நாற்றத்துக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். சின்னம்மா மாதம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறார். கோடையில் அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது மட்டுப்படும்.

மோட்டாரை மாதக்கணக்கில் ஓட்டாமல் விட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகி, சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு நின்றுவிடும்; அப்படியே விட்டால் சுருள் எரியும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டித் தண்ணீரைக் கொல்லை வாழைக்கு விட்டுவிடுவது நல்லது, கிணற்றுத் தண்ணீரும் கெடாமலிருக்கும். கிணறு தொடர்பாக ஓர் எச்சரிக்கை. நெடுநாள் புழங்காத கிணற்றிலோ மூடிக்கிடந்த கழிவுநீர்த் தொட்டியிலோ யாரையும் நேரடியாக இறங்கவிடக் கூடாது. தூர் வார வந்தவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்து, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று உயிர் போன செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. கிணற்றுக்கு விளக்கை இறக்கிப் பார்த்து அது அணைந்தால் இறங்கக் கூடாது என்பது பழைய முறை. விளக்கு எரிவதால் மட்டும் நச்சுவாயு இல்லை என்று ஆகிவிடாது. கழிவுநீர்த் தொட்டிக்கோ அந்தச் சோதனையே ஆகாது, அங்கே வாயு தீப்பற்றும். இயந்திரம் பொருத்திய லாரியை வரவழைப்பது ஒன்றே வழி.

மின்சாரத்தில் மெயினை அணைத்துவிட்டு வருவது போதாது. அணைத்தால் வாசல் விளக்கும் கேமராவும் நின்றுவிடும் என்பதால் பலர் எதையுமே அணைப்பதில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து வாசல் விளக்குக்கும் கேமராவுக்கும் தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, மற்றதை எல்லாம் துண்டிக்கும்படி பிரித்துவிட்டோம். ஓட்டுக்கூரை வீட்டில் எலி கடித்த ஒயரும் உளுத்த மரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்பதை நினைத்தால் இந்தச் செலவு பெரிதாகத் தோன்றாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், பூட்டிய வீட்டுக்கு அநேகமாகப் பூச்சியம் என்றுதான் கணக்கு வரும். பூச்சியம் வர வேண்டிய வீட்டுக்குத் திடீரென்று தொகை வந்தால் அதைக் கட்டிவிட்டு மறந்துவிடக் கூடாது. எங்கோ கசிவு இருக்கலாம், அல்லது யாரோ கொக்கி போட்டிருக்கலாம். மீட்டர் பூட்டிய கதவுக்கு உள்ளே இருந்தால் கணக்கெடுக்க வருபவர் உத்தேசமாக எழுதிவிட்டுப் போவார். திண்ணைச் சுவருக்கு அதை மாற்றிக்கொள்வது நிம்மதி. இன்வெர்ட்டர் பேட்டரியை ஆள் இல்லாத வீட்டில் வைக்காதீர்கள், உறவினர் யாருக்காவது பயன்படக் கொடுத்துவிடுங்கள். பிரிட்ஜைக் காலி செய்து, உலர்த்தி, கதவைச் சற்றே திறந்து வைத்தால் போதும்.

உள்ளே இருக்கும் பொருட்களில் எதை வைப்பது என்பதில்தான் குடும்பத்துக்குள் சச்சரவு வரும். என் கட்சி, முடிந்தவரை குறைத்துவிடுவது. இலவம்பஞ்சு மெத்தையும் பழைய துணி மூட்டையும் எலிக்குப் பிரசவ அறை. பத்தாயத்தில் நாலு படி நெல் மிஞ்சியிருந்தாலும் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். எங்கள் பக்கத்தில் கட்டுவிரியன் சாதாரணம். அதனால் பூட்டிய வீட்டுக்குள் முதலில் நுழைபவர் செருப்பைக் கழற்றாமல், டார்ச்சோடு, பரணிலோ பத்தாயத்திலோ கையை விடுவதற்கு முன் ஒரு கழியால் தட்டிப் பார்க்க வேண்டும். நிலத்துப் பத்திரங்கள், பழைய புகைப்படங்கள், தாத்தாவின் கணக்கு நோட்டுகள் எல்லாவற்றையும் காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி தொடங்குவதற்கு முன் சென்னைக்கு எடுத்துவந்து நகல் எடுத்துவிட்டோம். கூரைக்கடியில் கதண்டு என்னும் பெருங்குளவி கூடு கட்டியிருந்தால் அதை நீங்களே கலைக்க முயல வேண்டாம். 101-க்கு அழைத்தால் தீயணைப்புத் துறையினர் வந்து அகற்றுகிறார்கள்.

காகிதங்களின் பராமரிப்பும் வீட்டுப் பராமரிப்புதான். கிராமத்து வீட்டு மனைகள் பெரும்பாலும் நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில் இருக்கின்றன; நத்தம் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா என்று பார்த்து, வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். ஊராட்சி வீட்டு வரியை இணையத்திலேயே கட்டலாம். ரசீதுகளை ஆண்டு வரிசையில் வைத்திருங்கள், வீடு நம் அனுபவத்தில், அதாவது நம் கைவசம் இருப்பதற்கு அவைதான் எளிய சான்று. ஆண்டுக்கு ஒரு முறை பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைப் பார்ப்பதற்குச் செலவும் இல்லை. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தனியார் சொத்தில் ஒருவர் உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் 12 ஆண்டு இருந்துவிட்டால் மீட்பது கடினமாகிவிடும். கொல்லையில் ஓரடி வேலி நகர்வது, திண்ணையில் ஒரு பெட்டிக்கடை முளைப்பது ஆகியவை இந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன. அதே சமயம் வீட்டைப் பார்த்துக்கொள்பவரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தேவையில்லை. காவலாளியோ பராமரிப்பவரோ எத்தனை காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை பெற முடியாது என்று கோவாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எந்த ஏற்பாட்டில் இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் பாதுகாப்பு. வாடகைக்கு விடுவதென்றாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வேண்டும். ‘தெரிந்த பையன்தானே’ என்று வாய்வார்த்தையாக விட்டுவிடக் கூடாது.

வருமான வரியில் ஒரு நல்ல மாற்றம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. முன்பு இரண்டாவது வீடு பூட்டிக் கிடந்தாலும் அது வாடகைக்கு விட்டதாகக் கருதப்பட்டு, வராத வாடகைக்கு வரி கணக்கிடப்பட்டது. 2019-20 நிதியாண்டிலிருந்து இரண்டு வீடுகளைச் சொந்தக் குடியிருப்பாகக் காட்டலாம். காப்பீட்டில் நிலைமை அவ்வளவு இணக்கமில்லை. தீ விபத்துக்கான பழைய பொதுப் பாலிசியில், கட்டடம் 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால், நிறுவனத்தின் முன் ஒப்புதல் இல்லாவிட்டால் காப்பீடு செல்லாது என்று ஒரு நிபந்தனை உண்டு. திருட்டுக் காப்பீடுகளிலும் இதைப் போன்றது வழக்கம். பிரீமியம் கட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, ஆளில்லாத வீடு என்பதை எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும்.

கடைசியாகச் செலவு. உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் பங்குள்ள வீட்டில், யார் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சே கூரையை விட வேகமாகச் சரியும். நாங்கள் அக்காவின் பெயரிலும் என் பெயரிலும் ஒரு தனி வங்கிக் கணக்கு தொடங்கி, ஒவ்வொருவரும் மாதம் ஒரே தொகையைப் போடுகிறோம். ஓடு மாற்றுதல், சுண்ணாம்பு, சின்னம்மாவுக்கு அனுப்புவது, வரி எல்லாம் அதிலிருந்துதான்; கணக்கு எல்லோருக்கும் தெரியும். ஊருக்கு வராத தம்பியும் போடுகிறான், வந்து தங்குபவரும் கூடுதலாகப் போடுவதில்லை. ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டுவிடலாம், ஆண்டுதோறும் இந்தத் தொல்லை இருக்காது என்று தம்பி சொல்லிவருகிறான். தகரத்துக்கடியில் கோடையில் அந்த வீட்டில் யாரும் பகலில் உட்கார முடியாது என்பது என் பதில். அக்கா இன்னும் எந்தப் பக்கமும் பேசவில்லை. ஓட்டுக்காரர் ஆவணி முதல் வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வடகிழக்கு மூலைக் கூடல்வாய்த் தகட்டை மாற்ற வேண்டியிருப்பதால், மேலே ஏறுவதற்கு முன் தகட்டை அளவெடுத்து மன்னார்குடியில் வாங்கி வைக்கச் சொல்லிப் பணம் அனுப்பியாயிற்று.